தெரியாத பற்றுச்சீட்டு

கேள்வி: கணினியில் அன்டிவைரஸ் இருக்கிறது. தெரியாத முகவரியிலிருந்து 'பற்றுச்சீட்டு' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அதோடு வந்த இணைப்புக் கோப்பைத் திறக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. புதிதாக எழுதப்பட்ட வைரஸ் அன்டிவைரஸின் கண்ணில் படாமல் போகலாம். 2000 மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் காதல் கடிதமாகத்தான் வந்தது. இணைப்புக் கோப்பின் பெயர், வெறும் எழுத்துக் கோப்பைக் குறிக்கும் '.டிஎக்ஸ்டி' என்று முடிவதுபோல் தெரிந்தது. அதற்குப் பின்னாலிருந்த, இயங்கும் நிரலைக் குறிக்கும் '.விபிஎஸ்' பலருடைய விண்டோஸில் மறைந்திருந்தது.

பம்பலப்பிட்டியில் நான் கணக்கெழுதிய கடையில் இப்படியொரு பற்றுச்சீட்டைத் திறந்தோம். இரண்டு வருடக் கணக்கும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொண்டது. பிரதியும் இல்லை. முதலாளி அன்று உட்கார்ந்திருந்த விதம் இன்னும் மனதை வருத்துகிறது.

கடையின் பெயர் தெரிந்ததென்றால், உங்களிடம் முன்பே உள்ள நம்பருக்குப் பேசிக் கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள நம்பருக்கு வேண்டாம். அப்புறம், முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் பிரதியெடுத்து, கழற்றி அலுமாரியில் வையுங்கள்.