என்லார்ஜர் விளக்கைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று இரைவது ஏன்?

அமெரிக்காவில் வாங்கிய பழைய கலர் ஹெட் (நிற ஃபில்டர்கள் உள்ள விளக்குப் பகுதி) என்லார்ஜரை, அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவியை, மயிலாப்பூர் வீட்டில் ஸ்டெப்-டவுன் (வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக ஓட்டுகிறீர்கள். விளக்கு எரியும்போது இரைகிறது, ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். சீரான, லேசான இரைச்சல் என்றால் பயப்பட வேண்டாம்.

பெரும்பாலும் அது டிரான்ஸ்ஃபார்மரின் சத்தம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் காந்தப்புலம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். அப்போதெல்லாம் உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கும். அந்த 100 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காதில் விழுகிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஸ்டெப்-டவுன் 230 வோல்ட்டை 110 ஆக்கும். 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. என்லார்ஜரோடு வந்த டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்க மின்சாரத்தின் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்ததாக இருந்து, இங்கே 50-இல் ஓடினால் இரும்பு திணறும், கூடுதலாக இரையும், சூடேறும். பெட்டி கை வைக்க முடியாத அளவு கொதித்தால் தொடர்ந்து ஓட்டாதீர்கள். விளக்குக்குத் தேவையான அதே வோல்ட், வாட் தரும் 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விசாரியுங்கள்.

எனக்குக் கவலை பிரிண்ட்டைப் பற்றித்தான். டிரான்ஸ்ஃபார்மர் அதே மேஜையில் இருந்தால் அதிர்வு என்லார்ஜரின் தூண் வழியாக மேலே ஏறும். கிரெய்ன் ஃபோகசரில் (படத்தின் துகள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பாருங்கள்: துகள்கள் நடுங்கினால் பிரிண்ட்டும் மங்கும். தரையில் ரப்பர் மேட் போட்டு அதன் மேல் வையுங்கள். அப்புறம், பிளக்கைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் தளர்ந்த போல்ட்டுகளை இறுக்குங்கள்.

சடசடவென்ற சத்தமோ கருகல் வாடையோ வந்தால் மட்டும் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.