யாத்திரையும் மாத்திரையும்: வாசகர் கேள்வி - பதில்

கும்பகோணத்தில் முப்பது வருடமாகக் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன். கோயில் ஊர் என்பதால் என் கிளினிக்கில் இரண்டு விதமான ஜனம் வரும். பிறந்த குழந்தையாக என் மடியில் கிடந்து, இப்போது தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஒரு விதம். காலையில் எங்கிருந்தோ வேனில் கிளம்பி, மதியம் முடியாமல் போய், முதல் முறையாக என் முகத்தைப் பார்க்கிறவர்கள் இன்னொரு விதம். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டாவது விதத்தைப் பற்றியே இருந்தன.

கேள்வி: டாக்டர் அம்மா, என் மாமனாருக்கு 72 வயது, மாமியாருக்கு 67. இருவருக்கும் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. திருச்சியில் இருபது வருடம் பார்த்த டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடிவிட்டார். இப்போது எங்களோடு இருக்கிறார்கள். புதிதாக ஒரு குடும்ப டாக்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? சித்திரையில் நவக்கிரகக் கோயில்களுக்குப் போக வேண்டும் என்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
– ஒரு மருமகள், சென்னை

பதில்: தாராளமாக அழைத்துப் போகலாம். ஆனால் முதலில் டாக்டரைப் பிடியுங்கள், அப்புறம் வேனைப் பிடியுங்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணி இருக்கும். எழுபது வயதுப் பாட்டி ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மயங்கிச் சரிந்திருக்கிறார். புடவை முதுகில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை 48, மிகவும் குறைவு. "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டேன். மருமகள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். அட்டையைக் கத்தரித்துத் துண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள். மருந்தின் பெயர் இருந்த பக்கம் எதிலும் இல்லை. "சின்னது காலையில ரெண்டு, நீளமானது ராத்திரி" என்றார் மகன். அவர்கள் ஊர் டாக்டருக்குப் போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்ட பாட்டி, சாமி பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று அதுவரை ஒரு வாய் காபியோடு நின்றிருக்கிறார்.

குளுக்கோஸ் ஏற்றியதும் பாட்டி கண் திறந்து, "கோயில் நடை சாத்திட்டாங்களா?" என்று கேட்டார். ஆனால் சில சர்க்கரை மாத்திரைகளின் வேகம் உடம்பில் மணிக்கணக்காக நிற்கும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். எந்த மாத்திரை என்று தெரியாததால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்க்க வேண்டியதாயிற்று. பெயர் தெரிந்திருந்தால் என் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

அதே மாதம் இன்னொரு பெரியவர் வந்தார். சாதாரண மூட்டு வலி. நான் பேனாவை எடுத்ததுமே சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை நீட்டினார். அதில் நான்கு வரிகள். "சர்க்கரை 12 வருடம், பிரஷர் 8 வருடம். மெட்ஃபார்மின் 500 காலை, இரவு. டெல்மிசார்டன் 40 காலை. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. கிரியேட்டினின் 1.3, வலி மாத்திரை தர வேண்டாம்." கீழே கையெழுத்து, பதிவு எண், தொலைபேசி எண். கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. நான் சாதாரணமாக எழுதும் வலி மாத்திரை அவருடைய சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம். எழுதாமல், களிம்பும் ஒத்தடமும் சொல்லி அனுப்பினேன். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் அந்த டாக்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நான்கு வரியைப் படித்ததும், என் அம்மாவைக்கூட அவரிடம் அனுப்பலாம் என்று தோன்றியது.

உங்கள் மாமனாருக்கும் மாமியாருக்கும் தேட வேண்டியது இப்படி எழுதித் தருகிற ஒருவரைத்தான். எப்படிக் கண்டுபிடிப்பது? அவசரம் வருவதற்கு முன்னால், ஒரு சளிக்கோ மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கவோ, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள டாக்டரிடம் இருவரையும் அழைத்துப் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பழைய சீட்டு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். திருச்சி டாக்டரிடம் பழைய விவரங்களைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அந்த எண்ணை வைத்துத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் கவனியுங்கள். ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்காமல் புது மாத்திரை எழுதுகிறாரா? மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பிரஷர் பார்க்கிறாரா? இரண்டும் கூடாது. சர்க்கரைக்காரரின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைப் பார்க்கிறாரா? அது நல்ல அடையாளம். என்னைக் கேட்டால், மாத்திரையைச் சேர்க்கிற டாக்டர் எங்கேயும் கிடைப்பார். பத்து மாத்திரைச் சீட்டைப் பார்த்து, "இதில் இந்த இரண்டு இனி வேண்டாம்" என்று யோசித்து நிறுத்துகிறவர் கிடைப்பதுதான் அபூர்வம். கிடைத்தால் விடாதீர்கள். தனக்குத் தெரியாததை "இதை இதய மருத்துவரிடம் காட்டிவிடுவோம்" என்று சொல்கிறவரும் அப்படித்தான். கைராசி, கைராசி என்கிறோமே, அதை நான் மதிக்கிறேன். நான் பார்த்த கைராசிக்காரர்கள் எல்லோரும் நோயாளி பேசி முடிக்கும் வரை காத்திருந்தவர்கள்.

மாமனாரையும் கேளுங்கள். அவருக்கு அந்த டாக்டரிடம் பொய் சொல்லாமல் பேச முடிகிறதா? "வெளியே வடை சாப்பிட்டேன்", "மாத்திரையைப் பத்து நாள் விட்டுட்டேன்" என்பதைத் திட்டுக்குப் பயந்து மறைக்கிறார் என்றால், எவ்வளவு பெரிய படிப்பு படித்த டாக்டராக இருந்தாலும் அவருக்கு உதவாது.

இனி பயணம். சித்திரையை விட்டுவிட்டு மார்கழி, தை மாதங்களில் வந்தால் உடம்புக்கு நல்லது. ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள். முதல் நாள் திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர். இவை கும்பகோணத்திலிருந்து போய்வரத் தோதானவை. மறுநாள் வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு. மதியம் நடை சாத்தினால் திறக்க நாலு மணியாகும். அந்த நேரத்தை வேனில் கழிக்காமல் அறையில் படுத்து எழுந்திருக்கட்டும்.

பாதம் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போயிருக்கும். வெயிலில் காய்ந்த வெளிப் பிராகாரக் கல்லில் நமக்கு இரண்டு அடி வைக்க முடியாது, அவர்களோ சாதாரணமாகச் சுற்றி வருவார்கள். ராத்திரி விடுதியில் கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் தோல் கொப்புளித்து நிற்பது தெரியும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆவதையும், சிலருக்கு விரலை எடுக்க வேண்டி வந்ததையும் பார்த்திருக்கிறேன். வெயிலுக்கு முன் சுற்றட்டும், நீர் தெளித்த பாய் போட்டிருந்தால் அதில் மட்டும் நடக்கட்டும், தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும். தினமும் இரவு நீங்களே டார்ச் அடித்து இருவர் பாதத்தையும் பாருங்கள். மருமகள் காலைத் தொடுவதா என்று கூச்சப்பட்டால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சாமி கும்பிடாமல் சாப்பிடுவதில்லை என்பது என் அம்மாவின் வழக்கம். இன்சுலின் போடுகிறார். கோயிலுக்குப் போகும் நாளில் என்ன செய்வது?
– ஒரு மகள், விருதுநகர்

பதில்: இன்சுலினோ மாத்திரையோ உள்ளே போய்விட்டால் சாப்பாடும் பின்னாலேயே போக வேண்டும். விரதம் இருக்கவே வேண்டும் என்றால், அன்றைக்கு எவ்வளவு இன்சுலின், எப்போது என்று அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். வியர்வை, படபடப்பு, நடுக்கம் வந்தால் தரிசன வரிசையில் நின்றாலும் சரி, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள், 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலினைக் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், ஐஸ் கட்டியோடு ஒட்டவும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீண்தான். கைப்பையில், ஈரத்துணி சுற்றிய டப்பாவில் உங்களோடு இருக்கட்டும்.

உங்கள் அம்மாவுக்கு என் தனிப்பட்ட வார்த்தை ஒன்று: என் அம்மாவும் இதே வழக்கக்காரர்தான். வீட்டுப் பூஜையறையில் விளக்கேற்றி, அங்கேயே கும்பிட்டுவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுக் கோயிலுக்குக் கிளம்பப் பழகிக்கொண்டார்.

கேள்வி: கணவருக்கு 58 வயது. முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை போடப் போகிறார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதுதான் என்கிறார்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாடிக்கே மூச்சு வாங்குவதை வயது என்று விட முடியாது. இதயமா, நுரையீரலா, ரத்தசோகையா என்று பார்த்தாக வேண்டும். பம்பையிலிருந்து சன்னிதானம் வரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நீலிமலையும் அப்பாச்சிமேடும் நல்ல ஏற்றம். சீசனில் அங்கே இதய அவசர சிகிச்சைக்கென்றே மையங்கள் திறக்கிறார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் சரி என்றால், 41 நாள் விரதத்தை நடைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளட்டும். அதிகாலைக் குளியலுக்கு முன் முதல் வாரம் 20 நிமிடம், அப்புறம் மெல்ல மெல்ல ஒரு மணி நேரம், கடைசி வாரங்களில் படியும் ஏறட்டும். பம்பையிலிருந்து சுவாமி ஐயப்பன் ரோடு வழியாகப் போனால் ஏற்றம் கொஞ்சம் குறைவு. ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடை, இடது கை வலியோ வந்தால் கன்னிசாமி அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கூட வரும் குருசாமியிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்து நான்கு மாதம் ஆகிறது. ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்கிறார்.
– ஒரு மகன், தஞ்சாவூர்

பதில்: இதய மருத்துவரின் அனுமதி இல்லாமல் வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற இரண்டு மாத்திரைகளையும் பயணத்தில் ஒரு வேளைகூட விடக் கூடாது, விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஐந்து நாளுக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துப் போங்கள், பாதியை உங்கள் பையில் வையுங்கள். ஈரத்துணியோடு, பலர் நடந்து நடந்து வழுக்கும் கல்தளத்தில்தான் தீர்த்தம் தீர்த்தமாகப் போக வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே ரத்தம் கசியலாம். கோடி தீர்த்தத்தைச் செம்பில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டு தரிசனம் செய்யச் சொல்லுங்கள். மற்ற தீர்த்தங்களை அடுத்த வருடம் ஆடிக்கொள்ளலாம்.

கேள்வி: குடும்ப டாக்டர் எம்.டி. படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: வேண்டியதில்லை. அனுபவமும் பொறுமையும் உள்ள எம்.பி.பி.எஸ். டாக்டர் போதும். குடும்ப மருத்துவத்துக்கென்றே மேற்படிப்பு இருக்கிறது, அது படித்தவர் உங்கள் பக்கத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: வைத்தீஸ்வரன் கோயிலில் நோய் தீர்க்கும் பிரசாதம் என்று திருச்சாந்துருண்டை வாங்கி வந்ததும் பாட்டி பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– ஒரு பேரன், கடலூர்

பதில்: பிரசாதத்தைக் குறைத்து ஒரு வார்த்தை பேசாதீர்கள். எனக்கும் வைத்தியநாத சுவாமிமேல் பக்தி உண்டு. உருண்டையைப் பக்தியோடு சாப்பிடட்டும், மாத்திரையையும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். நிறுத்திய நாட்களைக் கணக்கிட்டு, இந்த வாரமே பிரஷர் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் கோயிலிலேயே ஆஸ்பத்திரி இருந்ததாமே, உண்மையா?
– ஒரு ஆசிரியை, செங்கல்பட்டு

பதில்: உண்மை. உங்களுக்குப் பக்கத்திலேயே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. ஒரு வைத்தியர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று எல்லோருக்கும் அதில் ஊதியம் குறித்திருக்கிறார்கள். இரவில் எரிய ஒரு விளக்குக்கும் ஏற்பாடு உண்டு. நோயாளிகள் இருட்டில் கிடக்கக் கூடாது என்று அப்போதே ஒருவர் நினைத்திருக்கிறார். என் பிள்ளைகளை அழைத்துப் போய் அந்த எழுத்துகளைக் காட்டியிருக்கிறேன். வாலாஜாபாத்திலிருந்து பக்கம்தான். உங்கள் மாணவர்களோடு காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், கல் சுடாது.