வீராணம் ஏரிக்கரையிலிருந்து தொடங்குங்கள்: கல்கி பற்றிய கேள்வி பதில்

திருகோணமலை வாசகர்கள் கல்கியைப் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள். ஒரே விசயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாக்கிவிட்டேன்.

உப்புவெளி, ஏ.எல் மாணவி: சேர், மனைவி கல்யாணியின் 'கல்', கிருஷ்ணமூர்த்தியின் 'கி', இரண்டும் சேர்ந்ததுதான் 'கல்கி' என்று ஒப்படையில எழுதலாமா?

எழுதாதீங்கோ பிள்ளை. மனைவியின் பெயர் ருக்மிணி. அதோட அந்தக் கதை முடிஞ்சுது. ஒப்படைக்கு இது போதும்: பிறப்பு 1899 செப்டெம்பர் 9, மாயவரத்துக்குப் பக்கத்துப் புத்தமங்கலம். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் படிப்பை விட்டார், அடுத்த வருசம் சிறை. 1923 முதல் திரு.வி.க.வின் 'நவசக்தி' பத்திரிகை. பிறகு திருச்செங்கோட்டில் ராஜாஜியோடு மதுவிலக்குப் பத்திரிகையான 'விமோசனம்'. அதுக்குப் பிறகு ஆனந்த விகடன். 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை, நடன விமர்சனம் எழுதியதும் இவரே. அதை விட்டுவிடாதீங்கோ.

சாம்பல்தீவு: விகடனை விட்டு வந்து சொந்தப் பத்திரிகை தொடங்கக் காசு எங்கால வந்தது?

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் நண்பர் சதாசிவத்தோடு 'கல்கி'யைத் தொடங்கினார். முதல் இதழ் 1941 ஆகஸ்ட் 1. சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்து வந்த பணம்தான் முதலீடு. 'மீரா'வில் எம்.எஸ். பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' கல்கி எழுதியது.

நிலாவெளி: பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகத்தோட களைச்சுப் போச்சு. ஏன் இவ்வளவு நீளம்?

நாவலாக வாசிக்கிறீங்கள், அதுதான் பிழை. அது வாராந்தத் தொடர். 1950 ஒக்டோபர் 29இல் தொடங்கி 1954 மே 16 வரை வந்தது. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். சராசரி பார்த்தால் வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம். போன வாரம் வாசித்ததை மறந்துபோன ஆளுக்கும் விளங்கவேணும் என்பதால் நடந்ததைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறார். ஒரே இருப்பில் வாசித்தால் அந்த நினைவூட்டல்தான் சலிப்பாகிறது. ஒரு நாளைக்கு மூன்று அத்தியாயம் வையுங்கள், நூறு நாளில் முடியும். நாவலின் காலம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ எட்டு மாதம். மூன்றரை வருசமாக வாசகரை அந்த எட்டு மாதத்துக்குள்ளேயே நிறுத்தி வைத்திருந்தார் மனுசன்.

கிண்ணியா: நந்தினி உண்மையில் இருந்தவவா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது ஆர்?

நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கற்பனை. கல்வெட்டிலே தேடி மினக்கெடாதீங்கோ. குந்தவை, செம்பியன் மாதேவி, அநிருத்தப் பிரமராயர் ஆகியோர் சரித்திரம். வந்தியத்தேவனும் சரித்திரம்தான், ஆனால் நூல்நுனி அளவு. குந்தவையின் கணவர் 'வல்லவரையர் வந்தியத்தேவர்' என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது, அவ்வளவே. குறும்பு, வாய்த்துடுக்கு எல்லாம் கல்கி போட்டது.

கொலைக்கு வருவம். ஆதித்த கரிகாலன் ராஜராஜனின் அண்ணன். காட்டுமன்னார்கோயில் உடையார்குடியிலே உள்ள கோயில் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக்குரியது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பெயர் சொல்லி, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. அவர்களது உறவினரின் சொத்தைக் கைப்பற்றிய விபரமும் அதில் உண்டு. 'பிரமாதிராஜன்' அரசு அதிகாரியாக இருந்த பிராமணருக்குக் கொடுக்கும் பட்டம். 'பஞ்சவன்' என்றால் பாண்டியன். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவிலே கிடந்த இடைவெளியிலேதான் கல்கி பாண்டிய ஆபத்துதவிகளின் (பாண்டிய மன்னனின் மெய்க்காவலர்) சதியைக் கட்டினார். கல்வெட்டு ஆர் கொன்றது என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. அந்த 'ஏன்'தான் நாவல்.

இன்னொன்றையும் பாருங்கோ. முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையிலே வாறது வீராணம் ஏரிக்கரையால், எழுபத்து நான்கு கணவாய்களை (ஏரித் தண்ணி வெளியேறும் மதகுகள்) எண்ணியபடி. அந்த ஏரியின் தென்கோடியிலேதான் காட்டுமன்னார்கோயில். கொலைகாரரின் பெயர் வெட்டிய கல்லுக்குப் பக்கத்திலேயே கதையைத் தொடங்கியிருக்கிறார். தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மூதூர்: ஐயா, ஈழத்துப் பகுதி எவ்வளவு சரித்திரம்? எங்கட பக்கம் சோழர் தடயம் இருக்கா?

இரண்டாம் பாகத்தை எடுங்கோ. மாதோட்டம், தம்பள்ளை (இப்போதைய தம்புள்ளை), அநுராதபுரம், தொண்டைமானாறு எல்லாம் மெய்யான இடங்கள். சுந்தர சோழன் காலத்தில் ஈழத்துப் போரில் இறந்த கொடும்பாளூர்ச் சிறிய வேளாரும் மெய். பிக்குகள் அருள்மொழிக்கு (பிறகு ராஜராஜன் ஆனவர்) சிங்காசனம் கொடுக்க முன்வந்தது கற்பனை. ராஜராஜன் அரசனாகிய பிறகு, 993 அளவில்தான் வட இலங்கை சோழர் கையில் விழுந்தது. ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டது 1017இல், ராஜேந்திரன் காலத்தில்.

எங்கட பக்கம் என்றால் பெரியகுளத்தடி வெல்கம் விகாரைக்குப் போங்கோ. சைவச் சோழர் காலத்தில் 'ராஜராஜப் பெரும்பள்ளி' என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த தானங்கள் தமிழிலே வெட்டப்பட்டிருக்கு. வெயில் சாய்ந்த பிறகு போனால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் வெறுங்கல்லுத்தான்.

தம்பலகாமம்: எந்தப் பதிப்பு வாங்கலாம்? கடையில பத்துவிதம் கிடக்கு.

1999இல் எழுத்துகள் நாட்டுடைமையானதால் ஆரும் அச்சடிக்கலாம், அதுதான் பத்துவிதம். கடையிலேயே நின்று பாகத்துக்குப் பாகம் அத்தியாயங்களை எண்ணுங்கோ: 57, 53, 46, 46, 91. ஐந்தாம் பாகத்தின் கடைசியிலே கல்கியின் முடிவுரை இருக்கவேணும். அது இல்லாவிட்டால் வேண்டாம். பல வாசகர் கேட்ட 'பிறகு என்ன நடந்தது?' என்பதற்கு அதில்தான் பதில். மணியத்தின் ஓவியங்களோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்கலாம். கைபேசியில் இறக்கும் இலவசப் பிரதிகளை நம்பி மேற்கோள் காட்டாதீங்கோ. தட்டச்சுப் பிழை மலிந்த பிரதிகள் அதிகம்.

சீனக்குடா: பார்த்திபன் கனவு முதலா, சிவகாமியின் சபதம் முதலா?

கதைக் காலத்தில் சிவகாமி முந்தி, எழுதிய காலத்தில் பார்த்திபன் முந்தி (1941–43). எழுதிய வரிசைதான் நல்லது. சிவகாமியை முதல் வாசித்தால் பல்லவ மன்னர் நரசிம்மவர்மரை நன்றாகத் தெரிந்துவிடும், பிறகு பார்த்திபன் கனவில் வாற சிவனடியார் ஆர் என்ற முடிச்சு ஐந்தாவது பக்கத்திலேயே அவிழ்ந்துபோகும்.

திருக்கடலூர்: கடைசியாக எழுதியது?

'அமரதாரா'. 1954 டிசம்பர் 5இல் இறந்தபோது அரைவாசியில் நின்றது. மகள் ஆனந்தி முடித்தார். 'அலை ஓசை'க்கு சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது 1956இல்.