மடிப்பு பிரிக்காத பாவாடை

கேள்வி: என் மனைவி போன தை மாதம் காய்ச்சலில் இறந்துவிட்டாள். மகளுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மகனுக்கு மூன்று வயது. நான் நூற்பாலையில் வேலை செய்கிறேன், விடிகாலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுவேன். என் அம்மாதான் சமைக்கிறார், மூட்டுவலியால் அதிகம் நடக்க முடியாது. மகனுக்கு எடை ஏறவே இல்லை. மாதம் இரண்டு டப்பா சத்து பவுடர் வாங்கியும் பலன் இல்லை. நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள். மகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் பள்ளிக்கு ஓடுகிறாள். போன தீபாவளிக்கு அவள் அம்மா தைத்துக் கொடுத்த பாவாடையைத்தான் இந்தத் தீபாவளிக்கும் கட்டினாள். மடிப்பைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்த்து வீடே அழுதது. மாமியார் வீடு பக்கத்து ஊர்தான். நகை விஷயத்தில் மனஸ்தாபம், போக்குவரத்து இல்லை.
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, டானிக்கை அப்புறம் பேசலாம். முதலில் அந்தப் பாவாடைக்கு வாருங்கள்.

பெண் பிள்ளைக்குப் பாவாடை தைக்கிற அம்மா கீழே நாலு விரல் அளவுக்கு உள்ளே மடித்துத்தான் தைப்பாள். அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்திருக்கும், மடிப்பைப் பிரித்துவிட்டால் திரும்பவும் கணுக்காலைத் தொடும் என்று கணக்கு. எட்டு வயதுப் பிள்ளை வருஷத்துக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளர வேண்டும். உங்கள் மனைவி அதற்கு இடம் விட்டுத் தைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒரு வருஷம் கழித்தும் அந்த மடிப்பு அப்படியே இருக்கிறது. அத்தனை பேர் நின்று அழுதீர்களே, பிள்ளை ஏன் வளரவில்லை என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையா?

எனக்குக் கோபம்தான் வருகிறது. தாய் போன வீடுகளிலிருந்து இப்படி எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. அழுகிற பிள்ளைக்கு வைத்தியம் கேட்பார்கள். வாயைத் திறக்காத பிள்ளையைப் பற்றி "தொந்தரவு இல்லை" என்று ஒரு வரி இருக்கும். தொந்தரவு கொடுத்தால் அப்பா உடைந்துபோவார் என்று பயந்து, பசியைக்கூட அடக்கிக்கொள்கிற பிள்ளைகள் உண்டு.

அவள் காலை நேரத்தை யோசித்துப் பாருங்கள். அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை 2022இலிருந்து காலை உணவு போடுகிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல். பாடம் தொடங்குவதற்கு முன்பே பந்தி முடிந்துவிடும். தம்பியைக் குளிப்பாட்டி, ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடுகிறவள் எத்தனை நாள் அதற்குப் போய்ச் சேர்ந்திருப்பாள்? பள்ளியில் கடைசியாக என்றைக்குக் காலையில் சாப்பிட்டாள் என்று இன்று இரவே கேளுங்கள். பதில் வர நேரமானால் புரிந்துகொள்ளுங்கள். மதியம் சத்துணவும் முட்டையும் கிடைத்துவிடும். ராத்திரி? உங்கள் அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். வயதானவர் தன் பல்லுக்கும் வயிற்றுக்கும் தோதாகத்தான் சமைப்பார். குழைந்த சோறும் ரசமும் அவருக்குப் போதும், வளர்கிற பிள்ளைக்குப் போதாது. "இன்னொரு கரண்டி போட்டுக்கோடி" என்று தட்டைப் பார்த்துச் சொன்ன ஆள் இப்போது வீட்டில் இல்லை.

தான்சானியாவில் ககேரா என்று ஒரு பகுதி, எய்ட்ஸ் பல வீடுகளில் பெரியவர்களைக் கொண்டுபோன இடம். அங்கே 1991 முதல் 1994 வரை கணக்கெடுத்த பிள்ளைகளை 2004இல் திரும்பத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். சிறுவயதில் அம்மாவை இழந்தவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் சராசரியாக 2 சென்டிமீட்டர் உயரம் குறைந்தே இருந்தார்கள். படிப்பிலும் ஒரு வருஷம் குறைவு. எடை குறைந்தால் சில மாதங்களில் தேற்றிவிடலாம். விட்டுப்போன உயரத்தைப் பிடிப்பது அத்தனை சுலபம் கிடையாது. அதனால்தான் மகனைவிட மகளைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

பாவாடை ஒன்றை வைத்தே முடிவு கட்டிவிட முடியாது, சரி. போன வருஷம் அது கொஞ்சம் நீளமாகவே இருந்திருக்கலாம். வளர்ச்சி நிற்க வேறு காரணமும் இருக்கலாம். இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு இரண்டு பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். உயரம், எடை, ரத்தம் எல்லாம் பார்க்கட்டும். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டது என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், அவள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இனிமேல் அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பவுடர் டப்பாவை நிறுத்துங்கள். அந்தக் காசில் இரண்டு பிள்ளைகளுக்கும் தினம் ஆளுக்கொரு முட்டை, கடலை உருண்டை, வாழைப்பழம் வாங்கலாம். ராத்திரி பருப்பும் முருங்கைக்கீரையும் இருக்கட்டும். மகனுக்கு நீங்கள் கேட்ட டானிக் இதுதான். மாத்திரையோ மருந்தோ வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

மகளின் தலையிலிருந்து அந்தக் காலை வேலையை இறக்குவதுதான் பெரிய காரியம். உங்கள் அம்மாவால் நடக்க முடியாது, நீங்கள் ஐந்து மணிக்கே போய்விடுகிறீர்கள். ஆனால் பக்கத்து ஊரில் அவர்களுடைய அம்மாச்சி இருக்கிறார். மகளைப் பறிகொடுத்த பெண் அவர், பேரப்பிள்ளைகளையும் கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறீர்கள். நகையில் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது அவசியமும் இல்லை. உங்கள் ரோஷத்துக்கு எட்டு வயதுப் பிள்ளை ஏன் தம்பியை இடுப்பில் தூக்க வேண்டும்? அம்மா வழிச் சொந்தத்தை வெட்டிவிட அப்பனுக்கு உரிமை கிடையாது, அது பிள்ளைகளின் சொத்து. நீங்களே நேரில் போங்கள். "பிள்ளைகளுக்கு உங்கள் கை வேண்டும், அத்தை" என்று கேளுங்கள். அவர் ஏசினால் ஏசட்டும், நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று ராத்திரி மகளை வாசல் நிலையில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் தேதியையும் எழுதுங்கள். சித்திரையில் திரும்பவும் அளந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர் என்று எனக்கு எழுதுங்கள். பாவாடையைப் பத்திரமாக மடித்து வையுங்கள், அடுத்த தீபாவளிக்கு அவளுடைய அம்மாச்சி கையால் அந்தத் தையலைப் பிரிக்கட்டும்.