35 வயதில் வேலை போய்விட்டது. அடுத்து எந்தத் துறைக்குப் போவது என்று எப்படி முடிவெடுப்பது?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது: பெருங்குடியில் ஒரு பி.பி.ஓ.வில் ஒன்பது வருடம். கிளையன்ட் போனதும் டீமையே கலைத்துவிட்டார்கள். டேட்டா சயின்ஸ் படி, டிஎன்பிஎஸ்சி எழுது, கடை வை என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்களுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் மாதக் கடைசி ரிப்போர்ட் போட்டதும் மட்டும் பிடித்திருந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நானும் ஓ.எம்.ஆரில் ஏ.ஆர். காலராக இருந்தவள்தான். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ராத்திரி முழுக்க போன் போட்டு, இந்த கிளெய்முக்கு ஏன் பணம் தரவில்லை என்று கேட்கிற வேலை. பிராசஸை மூடிவிட்டார்கள். இப்போது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருக்கிறேன்.

துறையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் காசைப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருந்ததால் உங்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில். செட்டில்மென்டில் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பி.எஃப்.பில் பென்ஷன் பங்கும் பிடித்திருந்தால் அவசரப்பட்டு அதை எடுத்துவிடாதீர்கள். 10 ஆண்டு சர்வீஸ் நிறைந்தால்தான் 58 வயதில் பென்ஷன். நீங்கள் வாசல்வரை வந்துவிட்டீர்கள், அடுத்த வேலையில் அதே யு.ஏ.என்.னில் (உங்கள் பி.எஃப். எண்) தொடருங்கள்.

அப்புறம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். பழைய கார்டை நீட்டிவிட்டு, அது செல்லாது என்று என் டெஸ்க்கில் வந்துதான் தெரிந்துகொள்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே அப்பா அட்மிட் ஆகியிருப்பார், வெளியே மகன் அட்வான்ஸ் கட்ட நண்பர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பார். அதே இன்சூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று இன்றே கேளுங்கள்.

சரி, துறை. 'இப்போது எதற்கு டிமாண்ட்?' என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அதை நம்பி எல்லோரும் அங்கேயே போய் நிற்பார்கள். நான் வேறு மாதிரி செய்தேன். என் டெசிக்னேஷனை மறந்துவிட்டு, ஒரு வாரத்தில் என் கை என்னென்ன செய்தது என்று எழுதினேன். மறுப்புக் கடிதத்தைப் படித்து உண்மையான காரணத்தைக் கண்டுபிடிப்பது. கோபப்படாமல் வாதாடுவது. என்ன பேசினோம் என்று தேதிவாரியாகக் குறித்து வைப்பது. விடாமல் ஃபாலோ-அப் செய்வது. இவற்றுக்கு அமெரிக்காதான் வேண்டும் என்றில்லையே! மருத்துவமனை டெஸ்க்கில் தினமும் இதுதான் நடக்கிறது. நோய் எத்தனை நாளாக இருக்கிறது, முதலில் பார்த்த டாக்டரின் சீட்டு எங்கே என்று இன்சூரன்ஸிலிருந்து கொயரி வரும். டாக்டரைப் பிடித்துப் பதில் வாங்கி அனுப்ப வேண்டும். கேஷ்லெஸ், அதாவது நோயாளி கட்டாமல் இன்சூரன்ஸே நேரடியாகக் கட்டும் வசதி, கேட்டால் ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அப்ரூவலுக்கு மூன்று மணி நேரத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் விதித்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஆளுக்கு டெஸ்க்கில் மதிப்பு உண்டு.

என்னோடு இருந்த ஒருவர் மண்ணடியில், ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களுக்குச் சுங்க வேலைகளை முடித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் இருக்கிறார். ராஜாஜி சாலை சுங்க இல்லத்திலிருந்து வரும் கொயரிகளுக்குப் பதில் தயார் செய்கிறார். கேட்டால், 'அதே வேலைதான், ராத்திரியில தூங்க முடியுது' என்கிறார்.

இரண்டு பேருக்குமே ஆரம்பச் சம்பளம் குறைந்தது. நைட் ஷிப்ட் அலவன்ஸ் போனதே பெரிய துண்டு. அதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கோர்ஸ் சேர்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வேளச்சேரி, வடபழனி பக்கம் 'நூறு சதவீத வேலை உறுதி' என்று போர்டு வைத்திருப்பவர்களிடம், போன வருடம் படித்து வேலைக்குப் போன இரண்டு மூன்று பேரின் எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள். பொய் அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்றால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்பது பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் அப்படியே நிற்கும், வெரிஃபிகேஷனில் மாட்டிக்கொள்வீர்கள். டேட்டா சயின்ஸ் உண்மையிலேயே ஒத்துவருமா என்று பார்க்க ஐ.ஐ.டி.க்களின் ஆன்லைன் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் இலவசமாகவே பாடம் கேட்கலாம், தேர்வெழுதினால்தான் கட்டணம். நாலு வாரம் தாக்குப்பிடித்த பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

டிஎன்பிஎஸ்சி பற்றி நான் சொல்ல அதிகமில்லை. கையில் ஒன்றிரண்டு வருடச் செலவுக்குப் பணமும், வீட்டில் பொறுமையும் இருந்தால் எழுதுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடம் இருக்கிறது.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதியதற்கு வருவோம். உங்கள் ரெஸ்யூமில் 'டீம் லீடர்' என்பதற்குக் கீழே அந்த இரண்டையும் விரித்து எழுதுங்கள்: எத்தனை பேருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள், ரிப்போர்ட் எங்கிருந்து எடுத்து யாருக்குப் போனது என்று. எம்.ஐ.எஸ். எக்சிகியூட்டிவ் (ரிப்போர்ட் போடுகிற வேலை), பிராசஸ் டிரெய்னர் (சொல்லிக்கொடுக்கிற வேலை) என்ற பெயர்களில் தேடுங்கள். பி.பி.ஓ.க்களோடு நிற்காமல் மருத்துவமனை, லாஜிஸ்டிக்ஸ், அம்பத்தூர் தொழிற்பேட்டை கம்பெனிகள் எல்லாவற்றிலும் பாருங்கள். இன்டர்வியூவில் ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டால், 'கிளையன்ட் போனதால் டீமை மூடிவிட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, நீங்கள் போட்டுவந்தது போன்ற ஒரு ரிப்போர்ட் மாதிரியைத் திறந்து காட்டுங்கள். கம்பெனி டேட்டா வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து எக்செல்லில் புதிதாகப் போட்டதே போதும்.