லேத்தில் ஸ்டெடி ரெஸ்ட் எதற்கு? நாமே செய்ய முடியுமா?

ஸ்டெடி ரெஸ்ட் என்பது லேத்தின் (கடைசல் இயந்திரம்) பெட்டின்மேல், அதாவது அதன் நீண்ட அடிப்பகுதியின்மேல், பூட்டும் வளையம். அதன் மூன்று விரல்கள், சுழலும் நீண்ட கம்பியைத் தொட்டுத் தாங்கும். சக்கில் (கம்பியைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) ஒரு முனை மட்டும் பிடிபட்ட கம்பியின் நுனியை வெட்டும் டூல் தள்ளும்போது அது வளைகிறது. வெளியே நீளும் அளவு இரட்டித்தால், அதே விசைக்கு வளைவு 8 மடங்கு. கரும்பின் அடியைப் பிடித்து நுனியைச் சீவிப் பாருங்கள், கத்திக்கு விலகி ஓடும். நடுவில் இன்னொரு கை கொடுத்தால் அடங்கும்.

உங்கள் லேத்துக்குரியது கிடைக்காவிட்டால், கனத்த குழாயில் ஒரு வளையம் அறுத்து, 120 பாகை இடைவெளியில் மரை போட்டு, நுனியில் பித்தளை வைத்த மூன்று போல்ட்டுகளைப் பொருத்தலாம். வளையத்தைத் தாங்கும் அடித்தகடு பெட்டின்மேல் ஆடாமல் உட்கார வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை அதுதான், அவசரப்படாதீர்கள். விரல் தொடும் இடத்தை முன்பே வட்டமாகக் கடைந்து, எண்ணெய் விடுங்கள்.

விரல்களை இறுக்கினால் பிடிப்பு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கம்பி சூடேறிக் கீறல்தான் விழும்.