பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் சிகிச்சை தாமதமாகத்தான் கிடைக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தபோது இரவு 11 மணி. பக்கத்து வீட்டுக்காரர் பனியனோடு ஓடிவந்து காரை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஈசிஜி.

மூன்று வருடம் கழித்து அம்மாவுக்கு. முதலில் வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தார். தாடையும் தோளும் இழுத்துப் பிடித்தன, வியர்த்துக் கொட்டியது. அப்போதும் ஊறவைத்த அரிசி வீணாகிவிடுமே என்று மாவை ஆட்டி முடித்து, புடவை மாற்றிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினார். இரண்டு மணி நேரம் வீட்டிலேயே போய்விட்டது.

அங்கே டியூட்டி டாக்டர், "நேரத்துக்குச் சாப்பிடறீங்களாம்மா? வீட்ல ஏதாவது டென்ஷனா?" என்றார். அசிடிட்டிக்கு ஓர் ஊசி. பிறகு ஈசிஜி எழுதினார். ஜாக்கெட்டைத் தளர்த்த வேண்டும், லேடி நர்ஸ் வரட்டும் என்று டெக்னீஷியன் வெளியே நின்றுவிட்டார். அந்தத் தாள் கைக்கு வர 50 நிமிடம். 10 நிமிடத்துக்குள் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது விதி. இதய ரத்தக் குழாயில் விழுந்த அடைப்பு நீங்கும்வரை இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும்.

"பெண்களுக்கு அறிகுறியே வேறு, அதனால்தான் தவறிப்போகிறது" என்பார்கள். அது முழு உண்மையில்லை. அமெரிக்காவில் 55 வயது வரையிலான மாரடைப்பு நோயாளிகளை வைத்து நடந்த 'விர்கோ' ஆய்வில், நெஞ்சில் வலி, அழுத்தம் என்று சொன்ன பெண்கள் 87 சதவீதம். ஆண்கள் கிட்டத்தட்ட 90. பெரிய வித்தியாசமில்லை. பெண்கள் அதோடு வயிற்று உபாதை, படபடப்பு, தாடை வலி என்று கூடுதலாகவும் சொன்னார்கள். ஆனால் அட்மிட் ஆவதற்கு முன்பே மருத்துவ உதவி தேடிப் போனவர்களில், 'இது இதயம் சம்பந்தப்பட்டதாக டாக்டர்கள் நினைக்கவில்லை' என்று சொன்ன பெண்கள் 53 சதவீதம், ஆண்கள் 37. சொல்வதைக் கேட்கிற காதிலும் கோளாறு இருக்கிறது.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ஒரு காரியம் செய்தார்கள். ஆணோ பெண்ணோ, ஈசிஜியில் முழு அடைப்பு தெரிந்தால் அவசரப் பிரிவு டாக்டரே கேத் லேபை (அடைப்பை நீக்கும் சிகிச்சை அறையை) உஷார்படுத்தலாம், மற்றதெல்லாம் செக்லிஸ்ட்படி. 2018-இல் முடிவை வெளியிட்டபோது, ஆண் பெண் சிகிச்சை நேர வித்தியாசம் பெருமளவு மறைந்திருந்தது. டாக்டர்களைத் திட்டுவதைவிட இது உருப்படியான வழி என்பேன்.

நம்மூரிலும் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதலுதவியாகக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அதைக் கொடுக்கவும் 'ஹார்ட்டாக இருக்குமோ' என்று யாராவது முதலில் சந்தேகப்பட வேண்டும். அதனால் கூடப் போகிறவர் கூச்சப்படாமல், "முதல்ல ஒரு ஈசிஜி எடுத்துடுங்க" என்று கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், நன்றாக இருக்கிறார். இன்னமும் கேட்டால் "அன்னைக்குப் பாதி வாயுதான்டா" என்பார்.